கையில் தொழில் இருந்தால் போதுமா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். நம் ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்த பிள்ளை. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். "ஹஸ்ரத், பத்து வருசம் வயரிங் பார்த்தவன் நான். அங்கே போனா பைப்பைத் தூக்கு, செவுத்தை உடைங்கிறாங்க. போர்டு பக்கம் போகாதேங்கிறாங்க. இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் ஊர் மூன்று பேஸ் இணைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கருப்பு நியூட்ரல். வயரிங் பழகிய பிள்ளைக்கு இது தூக்கத்திலும் தெரியும். சிங்கப்பூரிலும் முன்பு இப்படித்தான் இருந்தது. 2009-ஆம் ஆண்டு நிறங்களை மாற்றிவிட்டார்கள். இப்போது அங்கே பழுப்பு, கருப்பு, சாம்பல் மூன்றும் பேஸ். நீலம் நியூட்ரல்.

கவனித்தீர்களா? நியூட்ரல் என்று நம்பி நாம் தொடும் கருப்பில் அங்கே 230 வோல்ட் இருக்கிறது! பழைய கட்டடங்களிலோ பழைய நிறங்களே இன்னும் இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் இரண்டு முறையும் கலந்திருக்கலாம். இங்கே பத்து வருடம் பழகிய பழக்கமே அங்கே ஆளைக் கொல்லும் என்றால், "போர்டைத் தொடாதே" என்ற தடை முதலில் யாரைக் காப்பாற்றுகிறது? அந்தத் தம்பியைத்தான்!

மின்சாரத் தொழில் ஓர் அமானிதம். சுவருக்குள் நாம் பூசி மறைத்த கம்பியை நம்பித்தான் ஒரு குடும்பம் இரவில் தூங்குகிறது. "எனக்குத் தெரியும்" என்று நாம் சொன்னால் போதாது. தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும் என்று ஒரு நாடு கேட்டால் அதில் தவறில்லை.

டெஸ்ட் வேறு, உரிமம் வேறு

நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கட்டுமானத் துறையில் வேலைக்குப் போக, சிங்கப்பூர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேற வேண்டும். "டெஸ்ட் அடிப்பது" என்று நாம் சொல்கிறோமே, அதுதான். அந்தத் தேர்வில் மின் வயரிங் தனித் தொழிலாக இருக்கிறது. அதில் தேறினால் வேலைக்குப் போகலாம். ஆனால் அது எலக்ட்ரீஷியன் உரிமம் அல்ல!

உரிமம் தருவது எரிசக்திச் சந்தை ஆணையம். அதில் மூன்று நிலைகள். எலக்ட்ரீஷியன் 45 கே.வி.ஏ. வரையுள்ள இணைப்புகளில் வேலை செய்து, சோதித்துப் பொறுப்பேற்கலாம். அதற்கு மேல் டெக்னீஷியன், அதற்கும் மேல் எஞ்சினியர். உரிமம் இல்லாதவர் உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம். உரிமத்துக்கு அவர்கள் ஏற்கும் மின்துறைப் படிப்பும் வேண்டும், அனுபவமும் வேண்டும். வருடங்களை மட்டும் எண்ணிக் காட்டினால் கிடைக்காது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது! படிப்படியாக ஏற வேண்டும். கட்டுமானத் துறையில் நம் நாட்டுத் தொழிலாளி ஒருவருக்காக முதலாளி மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். 2024 ஜனவரி முதல், அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி, உயர்திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி. உங்கள் தகுதி உயர்ந்தால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம்! ஆகவே, "என்னை உயர்திறன் தேர்வுக்கு அனுப்புங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். அது அவருக்கும் இலாபம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். அந்தத் தீர்வையை உங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

புறப்படும் முன்

ஏஜென்டிடம் பணம் கட்டும் முன், "எந்தத் தொழிலில் டெஸ்ட்?" என்று கேளுங்கள். வயரிங் தெரிந்தவன் டைல்ஸ் ஒட்டும் டெஸ்டில் தேறிப் போனால், அங்கே அவன் டைல்ஸ்காரன்தான்.

படிக்கிற வயதில் இருப்பவர்கள் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் சேருங்கள். ஐ.டி.ஐ. போகாமல் கையால் பழகியவர்களுக்கும் நம் அரசு வழி வைத்திருக்கிறது. 21 வயது நிறைந்து, ஐந்தாண்டுக்குக் குறையாத வயரிங் அனுபவம் இருந்தால், மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு அங்கே உரிமம் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் முறையாகக் கற்றவன் நீ என்று சொல்லும் முதல் தாள் இதுதான். வேலை பார்த்த இடங்களில் அனுபவக் கடிதம் வாங்குங்கள். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

காசு கொடுத்துப் பொய்ச் சான்று மட்டும் வாங்கிவிடாதீர்கள்! வேலை அனுமதிக்குப் பொய்த் தகவல் கொடுப்பது சிங்கப்பூரில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வணிகச் சகோதரர்களே! விசாவுக்கு என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் கடன் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்வானாக! தேர்வுக் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும் அதே அழகிய கடனைக் கொடுங்கள். உங்கள் கடைக்கு வயரிங் செய்பவரிடமும் "சான்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். நாம் இங்கே கேட்காததால்தான் நம் பிள்ளைகள் தாளின் அருமை தெரியாமல் விமானம் ஏறுகிறார்கள்.

இவை அனைத்தையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "போறதுக்கு முன்னாடி யாருமே இதைச் சொல்லலையே, ஹஸ்ரத்" என்றார்.

நான் தலைகுனிந்தேன். அவர் விமானம் ஏறும் முன் துஆச் செய்து அனுப்பியவன் நான்தான்.

அடுத்து புறப்படும் பிள்ளை எவரும் இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. உங்கள் தெருவிலிருந்து சபருக்குக் கிளம்பும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.