10 வெள்ளியும் 9 ஆட்சியாளர்களும்

போன பௌர்ணமி கிரிவலத்துல, அடி அண்ணாமலை பக்கம் ஒரு டீக்கடையில மலேசியாவுல இருந்து வந்த பெரியவர் ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்தேன். "எங்கப்பா பால் மரம் வெட்டுனவரு தம்பி. 10 வெள்ளி கட்டி தோட்டத்துல பங்குதாரர் ஆனாரு"ன்னார். எனக்குப் புரியல. வீட்டுக்கு வந்து படிச்சேன். அதுதான் இந்த எபிசோட்.

மலேசியாவுல ராஜா உண்டு. ஆனா 9 மாநில ஆட்சியாளர்கள் அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தரா மாறி மாறி மாமன்னர் ஆவாங்க. நம்ம பாஷையில சொன்னா ரவுண்ட் ராபின். ஆட்சி நடத்துறது பிரதமர்தான். 2022 தேர்தல்ல யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதப்போ, அன்வார் இப்ராஹிமைப் பிரதமரா நியமிச்சது மாமன்னர்.

இப்போ 10 வெள்ளிக்கு வருவோம். 1957ல சுதந்திரம் வந்ததும், வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்க ஆரம்பிச்சாங்க. வாங்கினவங்க அதைத் துண்டு துண்டா பிரிச்சு மறுபடி வித்தாங்க. 'தோட்டத் துண்டாடல்'னு அங்க சொல்வாங்க. வேலை போனா லயத்து வீடும் போயிடும். அங்கதான் சிக்கலே. அப்போ அமைச்சரா இருந்த வீ. தி. சம்பந்தன், நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர், தோட்டம் தோட்டமா போய், "நீங்களே வாங்குங்க"ன்னு கேட்டார். 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. 10 வெள்ளி கட்டினா சேரலாம். கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினாங்க. கூலிக்காரங்க காசுல!

"அந்த 10 வெள்ளிக்கே எங்கம்மா தோடு அடகுக்குப் போச்சு"ன்னு பெரியவர் சொன்னது அப்புறம்தான் உறைச்சுது.

ஆனா எல்லாத் தோட்டத்தையும் சங்கம் காப்பாத்த முடியல. 1969 மே 13 கலவரத்துக்கு அப்புறம், 1971ல புதிய பொருளாதாரக் கொள்கை வந்துச்சு. இனம் பார்க்காம வறுமையை ஒழிக்கிறது ஒரு இலக்கு. நிறுவனப் பங்குகள்ல 30 சதவீதம் பூமிபுத்திரர்களுக்குப் போகணும்ங்கிறது இன்னொண்ணு. வறுமை நிஜமாவே குறைஞ்சுது, அதை மறுக்க முடியாது. ஆனா தோட்டம்ங்கிறது தனியார் நிலம். கிராம வளர்ச்சித் திட்டங்கள் வாசல் வரைக்கும் வந்து நின்னுடும். பெல்டா குடியேற்றத்துல நிலம் கிடைச்சவங்க பெரும்பாலும் மலாய்க்காரங்க. என் பார்வையில, ஏழை யாருன்னு கணக்கெடுத்த விதத்துலயே லயம் விட்டுப்போச்சு. அப்புறம் தோட்டங்கள் வீட்டுமனையாச்சு, ஜனங்க நகரத்து ஓரத்துக்குப் போனாங்க. 2007 நவம்பர் 25ல இண்ட்ராப் பேரணிக்குக் கோலாலம்பூர்ல ஆயிரக்கணக்குல கூடினாங்கன்னா, அந்தக் கோபத்துக்கு வயசு அம்பது.

பெரியவர்கிட்ட, "அந்தப் பங்கு இன்னும் இருக்காய்யா?"ன்னு கேட்டிருந்தேன். "இருக்கு தம்பி. அப்பா பேர்லதான் இருக்கு, மாத்தல"ன்னார். டீக்கு அவரே காசு கொடுத்துட்டு, செருப்பில்லாம நடக்க ஆரம்பிச்சுட்டார்.