சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்



ஸ்ரீமதுரை என்று சொன்னதும் உங்களில் பலருக்கு மீனாட்சியம்மன் கோபுரம் நினைவுக்கு வரும். எங்கள் ஸ்ரீமதுரை நீலகிரி மாவட்டத்தில், கூடலூருக்குப் பக்கத்தில், முதுமலைக் காட்டை அடுத்து இருக்கிற ஊர். வயலும் உண்டு, தேயிலையும் உண்டு, காப்பி, மிளகு, இஞ்சியும் உண்டு. கேரளமும் கர்நாடகமும் பக்கத்திலேயே இருப்பதால் ஒரே பஸ்ஸில் தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, செட்டிமார் பேச்சு, பணியர் பேச்சு எல்லாம் ஏறி இறங்கும். இத்தனை பேச்சுக்கும் பொதுவாக எங்களிடம் ஒன்று இருக்கிறது. அதுதான் சினிமா வசனம். கடைக்காரர் கடன் கொடுக்க மறுத்தாலும், பையன் பரீட்சையில் தேறினாலும், யாராவது ஒருவர் ஏதாவது ஒரு படத்திலிருந்து ஒரு வரியை எடுத்து வீசுவார். பக்கத்தில் இருப்பவரின் தாய்மொழி எதுவானாலும் அவருக்கும் அது புரிந்துவிடும்.

அந்த வரிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். யார் சொன்னது என்பது எல்லாருக்கும் தெரியும். யார் எழுதியது, யாருடைய குரல் என்று கேட்டால் பல நேரம் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

மலையாளத்திலிருந்து தொடங்குகிறேன். 1993-ல் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' படத்தைப் பார்க்காத மலையாளி அபூர்வம். கதை மது முட்டத்துடையது. அதில் கங்காவாக வரும் ஷோபனா, வெளியே போக வேண்டாம் என்று கணவன் தடுத்ததும் 'விடமாட்டே?' என்று கண்ணை உருட்டுவார். அடுத்த நொடி அவர் நாகவல்லி என்கிற ஆவியாக மாறிவிடுவார். மலையாள வீடுகளில் குழந்தைகள்கூட நடித்துக் காட்டுகிற இடம் அது. அங்கே நாகவல்லி பேசுவது தமிழ்! அவள் தஞ்சாவூர்க்காரி. கேரளம் முழுக்க மனப்பாடமாகச் சொல்கிற ஒரு சினிமாக் காட்சி தமிழ் வசனத்தில் இருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். படத்தில் வரும் அந்தப் பழைய மாளிகைக் காட்சிகளில் ஒரு பகுதியை எடுத்ததும் தமிழ்நாட்டு மண்ணில், கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில்.

இதைவிடச் சுவையான செய்தி அந்தக் குரலைப் பற்றியது. ஷோபனாவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. மலையாள சினிமாவில் மிகப் பெரிய பெயர். நாகவல்லியின் குரலும் அவருடையதே என்றுதான் இருபது வருஷத்துக்கும் மேலாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2016-ல் இயக்குநர் பாசிலே உண்மையை எழுதினார். நாகவல்லிக்குக் குரல் கொடுத்தது துர்கா என்கிற தமிழ் டப்பிங் கலைஞர். ஒரு மாநிலமே பயந்து, ரசித்து, மிமிக்ரி செய்த குரல். அதற்குரிய பெண்ணின் பெயர் ஊருக்குத் தெரிய அத்தனை காலம் ஆனது. ஷோபனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது, அதற்கு அவர் முழுத் தகுதியானவர். ஆனாலும் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் துர்காவின் பெயரையும் நான் சேர்த்தே சொல்லிவருகிறேன்.

அதே கதை 2004-ல் 'ஆப்தமித்ரா' என்று கன்னடத்துக்குப் போனது. மறுவருஷம் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தது. இரண்டையும் இயக்கியவர் பி. வாசு. இப்போது ஒன்றைக் கவனியுங்கள். மலையாளப் படத்தில் ஆவி தமிழ் பேசுகிறது. தமிழ்ப் படத்தில் சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள். 2007-ல் இந்தியில் எடுத்தபோது அவள் வங்காளி ஆகிவிட்டாள். எங்கே போனாலும் அவளுக்குப் பக்கத்து வீட்டு மொழிதான். முற்றிலும் புரியாத மொழியாக இருந்தால் பயம் வராது, முழுக்கப் புரிந்தாலும் வராது. பாதி புரிகிற மொழியில் ஒருத்தி மிரட்டும்போதுதான் முதுகுத் தண்டு சிலிர்க்கிறது. மது முட்டம் இதைத் தெரிந்தே செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் மலையாளம், கன்னடம், தமிழ் மூன்று படங்களையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எது ஒசத்தி என்று வாதம் தொடங்கினால் டீ ஆறிப்போகும்.

எல்லை தாண்டி வந்த இன்னொருவர் கான்ட்ராக்டர் நேசமணி. 'ப்ரெண்ட்ஸ்' படத்தை மலையாளத்தில் 1999-லும் தமிழில் 2001-லும் எடுத்தவர் ஒரே இயக்குநர், சித்திக். மலையாளத்தில் ஜகதி ஸ்ரீகுமார் செய்த வேஷத்தைத் தமிழில் வடிவேலு செய்தார். 2019 மே மாதம் முகநூலில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்மவர் ஒருவர் சுத்தியல் என்று சொல்லி, இதுதான் நேசமணியின் தலையில் விழுந்தது என்றும் எழுதிவிட்டார். அவ்வளவுதான். நேசமணி நலம்பெற வேண்டும் என்று உலகமே பிரார்த்திப்பதுபோல் அது டிரெண்ட் ஆகிவிட்டது. படம் வந்து பதினெட்டு வருஷம் கழித்து! தேர்தல் முடிவுகளின் சூடு ஆறாத நேரத்தில் தமிழர்கள் சேர்ந்து சிரித்த நாள் அது.

நமக்குப் பிடித்த தமிழ் வசனங்களைப் பேசியவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் வேறு மொழி என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 1942-ல் வந்த 'கண்ணகி'யில் இளங்கோவன் எழுதிய அனல் வசனத்தைப் பேசித் தமிழ்நாட்டை உலுக்கிய கண்ணாம்பா தெலுங்குக்காரர். 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக வந்து நம்மைச் சிரிக்க வைத்த நாகேஷ், தாராபுரத்தில் வளர்ந்த கன்னடக் குடும்பத்துப் பிள்ளை, இயற்பெயர் குண்டுராவ். ரஜினிகாந்த் பெங்களூரில் மராத்தி பேசும் வீட்டில் பிறந்து, பஸ் கண்டக்டராக இருந்து, 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' வழியாக நம்மிடம் வந்தவர். இரண்டே வருஷத்தில் 'பதினாறு வயதினிலே' பரட்டையாக 'இது எப்படி இருக்கு?' என்றார். நாலு பேர் கூடினால் இன்றைக்கும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கற்றுக்கொண்ட மொழியை ஒருவர் வாயில் வைத்து ருசிக்கும்போது அதற்கு ஒரு புது முறுக்கு வருகிறது. மலையாளமும் பணியர் பேச்சும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் எங்கள் ஊரில் தமிழ் வசனம் சொல்லும்போதும் அதே முறுக்கைக் கேட்கிறேன். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பரட்டையின் வரியை எழுதியவர் பி. கலைமணி. பாரதிராஜா பெயர் தெரியும், இளையராஜா பெயர் தெரியும், கலைமணி பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 'வரி, வட்டி, கிஸ்தி' என்று சொன்னால் சிவாஜி கண்முன் நிற்கிறார். எழுதிய சக்தி டி. கே. கிருஷ்ணசாமி நிற்பதில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதலில் சிவாஜியின் நாடக மன்றத்துக்காக அவர் எழுதிய நாடகம், பிறகுதான் 1959-ல் பி. ஆர். பந்துலு அதைப் படமாக எடுத்தார். அந்தப் படத்துக்காக 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 'கரகாட்டக்காரன்' வாழைப்பழத்தைக் கவுண்டமணி, செந்தில் இருவருக்கும் உரியது என்றே நினைக்கிறோம். அந்தப் படத்தின் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். அவரும் பழைய படங்களில் நடித்த நகைச்சுவை நடிகர்தான்.

'நாயகன்' படத்தில் பேரன் வேலு நாயக்கரிடம் கேட்கிற கேள்வி, நல்லவரா கெட்டவரா என்று. 'பாட்ஷா'வில் ஒரு தடவை சொன்னால் நூறு தடவை சொன்னதற்குச் சமம் என்கிற மிரட்டல். முதலாவது 1987, இரண்டாவது 1995. ஒன்று பதில் தெரியாமல் தடுமாறுகிற மனிதனுடையது, இன்னொன்று சந்தேகமே இல்லாதவனுடையது. இரண்டு படத்துக்கும் வசனம் எழுதியவர் ஒருவர்தான். நாவலாசிரியர் பாலகுமாரன். 'மெர்க்குரிப் பூக்கள்', 'இரும்பு குதிரைகள்' எழுதிய அதே கை. 2018-ல் அவர் காலமானபோது நாவல்களைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். எனக்கோ, ஆட்டோவின் பின்புறத்தில் எழுதிவைக்கிற வரிகளையும் இலக்கியக் கூட்டத்தில் பேசுகிற பக்கங்களையும் ஒரே ஆள் எழுதினார் என்பதுதான் ஆச்சரியம்.

எழுதியவரே நடிக்கவும் வந்த அதிர்ஷ்டமும் ஒன்று உண்டு. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை எழுதி இயக்கியவர் ஏ. பி. நாகராஜன். சிவபெருமானையே எதிர்த்து வாதாடுகிற நக்கீரராக நடித்தவரும் அவரேதான். தருமி காட்சியில் ஒரு துண்டைக்கூட வெட்டக் கூடாது என்று சிவாஜியே கேட்டுக்கொண்டதாக நாகேஷ் சொன்னதுண்டு. தன்னைவிட இன்னொருவர் கைதட்டல் வாங்குவார் என்று தெரிந்தும் ஒரு பெரிய நடிகர் சொன்ன அந்த வார்த்தை, எந்த பஞ்ச் வசனத்துக்கும் இளைத்ததில்லை.

இந்த வசனங்கள் மலைக்கு எப்படி ஏறி வந்தன? தியேட்டர் வழியாக மட்டும் வரவில்லை. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கட்டுகிற குழாய் ரேடியோவில் 'திருவிளையாடல்' வசனம் முழுதாக ஓடும். விவித பாரதியில் ஒலிச்சித்திரம் வரும், படம் பார்க்காதவர்களும் படத்தைக் காதால் பார்த்தார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்னொரு வழியும் இருந்தது. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்தன. அவர்களுக்காகவே தொடங்கியதுதான் இன்றைய டான்டீ என்கிற அரசுத் தேயிலை நிறுவனம். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று இலங்கை வானொலியின் குரல்களை வீட்டு மனிதர்களைப் போல அவர்களுக்குத் தெரியும். எம்.ஜி.ஆர். பிறந்த நாவலப்பிட்டியும் அந்த மலைநாட்டுக்குள்தான் இருக்கிறது. 'ரத்தத்தின் ரத்தமான' என்று அவர் மேடையில் தொடங்கும்போது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தலைவர் பேசுவதாகத் தோன்றியிருக்கும், அவர்களுக்கு ஊர்க்காரர் ஒருவர் பேசுவதாகவும் தோன்றியிருக்க வேண்டும்.

பிரபலமான வரிகளில் சொல்லாததைச் சொன்னதாக்குவதும் நடக்கிறது. 1942-ல் வந்த ஹாலிவுட் படம் 'காசாபிளாங்கா'. அதில் பியானோ வாசிப்பவரிடம் 'மறுபடி வாசி, சாம்' என்று சொல்வதாக உலகமே நம்புகிறது. படத்தில் அந்த வரி அப்படி வரவே இல்லை. வாசிக்கச் சொல்கிறார்கள், மறுபடி என்கிற சொல் மட்டும் கிடையாது. நம் வாட்ஸ்அப்பிலும் காலையில் வருகிற பொன்மொழி எல்லாவற்றின் கீழும் அப்துல் கலாம் படத்தை ஒட்டிவிடுகிறார்கள். கனவு காணச் சொன்னவர் அவர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக மற்ற எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது அந்த நல்ல மனிதருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

நீலகிரியின் சொந்த வசனம் எது என்று யாராவது கேட்டால், நான் ஒரே ஒரு பெயரைச் சொல்வேன்: 'சுப்ரமணி'. 1982-ல் பாலுமகேந்திரா இந்த மலையில் எடுத்த 'மூன்றாம் பிறை'யில் ஸ்ரீதேவி நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற பெயர். ஒரு குழந்தையின் குரலில் அதை அவர் இழுத்துக் கூப்பிட்டதிலிருந்து எத்தனை வீட்டு நாய்க்குட்டிகளுக்கு அந்தப் பெயர் வந்ததோ! கண்ணதாசன் கடைசியாக எழுதிய சினிமாப் பாட்டும் அந்தப் படத்துக்குத்தான். படம் வெளியாவதற்கு முன்பே, 1981 அக்டோபரில் அவர் காலமாகிவிட்டார். கடைசிக் காட்சியில், கேத்தி ரயில் நிலையத்தில், கமல்ஹாசனுக்கு வசனமே உதவாது. குரங்கைப் போல் குதித்தும் தலையில் பானையை வைத்தும் பழைய விளையாட்டுகளைச் செய்துகாட்டி, தன்னை நினைவுபடுத்தப் பார்ப்பார். அந்த வருஷம் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கமலுக்கும், ஒளிப்பதிவுக்கான விருது பாலுமகேந்திராவுக்கும் வந்தன.

எங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில், தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. இயக்கிய கார்த்திகி கொன்சால்வஸ் நீலகிரிப் பெண். இந்தியாவில் எடுத்த ஒரு ஆவணக் குறும்படத்துக்கு இந்தியத் தயாரிப்பாக அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்கிற யானைக்குட்டியிடம் பேசுவதை எந்த வசனகர்த்தாவும் எழுதிக் கொடுக்கவில்லை. தாயை இழந்த குட்டியை வளர்த்தவர்கள் அதனிடம் தினமும் பேசுகிற பேச்சு, அப்படியே படமாக வந்திருக்கிறது. பிறர் எழுதிய வரிகளைப் பற்றியே இத்தனை நேரம் பேசிய எனக்கு, பெருமையோடு சொல்ல இதுவும் இருக்கிறது.

விடைபெறும் முன் ஒரு கேள்வி. தமிழ் வசனம் என்றாலே நினைவுக்கு வருகிற சிவாஜி கணேசன், கேமரா முன் நின்று பேசிய முதல் வார்த்தை எது? படம் 'பராசக்தி', வசனம் கலைஞர் கருணாநிதி, வெளியானது 1952 தீபாவளிக்கு. நீதிமன்றக் காட்சியை நினைத்தீர்கள் என்றால் தவறு. முதல் ஷாட்டில் அவர் சொன்னது 'சக்சஸ்' என்கிற ஒற்றை ஆங்கில வார்த்தை. அதைச் சொன்ன இடத்தில், சென்னை ஏவிஎம் ஸ்டூடியோவில், அவருக்கு ஒரு நினைவுச் சின்னமும் வைத்திருக்கிறார்கள்.