நம் ஊரில் இருட்டு எங்கே?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பிலேயே பால்வெளி பற்றிப் பாடம் நடத்துகிறோம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்று என் வகுப்பில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் வேறு எப்படி இருக்கும்? பக்கத்தில் ஆலை விளக்குகள், தெற்கே மீஞ்சூர், எண்ணூர், சென்னை, வடக்கே தடா, ஸ்ரீசிட்டி. அந்த வெளிச்சமெல்லாம் புகையிலும் கடற்காற்றின் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் கட்டினார்கள். சென்னையிலிருந்துதான் 1861-இல் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ‘ஆசியா’ என்று பெயரிட்டார். இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று என்ன தெரியும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல வானம் தேடிய வைணு பாப்பு ஜவ்வாது மலைக் காவலூருக்குப் போனார். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது.

பிள்ளைகளைக் காவலூருக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம். ஆனால் பேருந்துச் செலவுக்குக் காத்திருக்க வேண்டாம். சொந்த ஊரில் எந்த இடம் எவ்வளவு இருட்டு என்பதைப் பிள்ளைகளே அளக்கலாம். கருவி தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

பிப்ரவரியில் அமாவாசையை ஒட்டி, இரவு எட்டு மணிக்கு ஓரியன் ஏறக்குறைய உச்சியில் இருக்கும். அதன் நான்கு மூலை விண்மீன்களில் ஒன்று நம் திருவாதிரை. மூலைகளை விட்டுவிட்டு, உள்ளே தெரிபவற்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். நடுவிலுள்ள மூன்றும் கணக்கில் சேரும். இங்கிலாந்தில் பொதுமக்கள் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பத்து அல்லது அதற்குக் குறைவென்றால் ஒளி மாசு கடுமை, முப்பதைத் தாண்டினால் நல்ல இருட்டு. எண்ணுவதற்கு முன் இருபது நிமிடமாவது கண் இருட்டுக்குப் பழக வேண்டும். இடையில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து!

இடம் தேடும்போது தூரத்தைவிடத் திசை முக்கியம். பழவேற்காட்டில் கடலைப் பார்த்து நின்றால் கிழக்கே ஊர் விளக்கு இல்லை. பூண்டி பக்கத்துப் பள்ளிகள் சென்னைக்கு முதுகு காட்டி மேற்கே பார்க்கலாம். மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இரவு இன்னும் நல்லது.

ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. வீட்டு மாடியில், பெற்றோருடன் எண்ணினால் போதும். தெருவிளக்கை அணைக்கச் சொல்வதும் என் நோக்கமல்ல. இரவுப் பணி முடிந்து வரும் பெண்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். வானத்தைப் பார்த்து எரியும் விளக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பினால் இருவருக்கும் நன்மை. அதை நம் பள்ளி வளாக விளக்கிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஊர், நாள், நேரம், எண்ணிக்கை என்று நான்கு கட்டம் போட்ட தாளை ஒவ்வொரு பள்ளியும் கொண்டு வாருங்கள். ஒன்றிய வரைபடத்தில் குறித்துப் பார்ப்போம்.