கோலும் கைப்பேசியும்



இக்கருத்தரங்குக்கு வந்துள்ள கட்டுரைகளில் பெரும்பகுதி கருவிகளைப் பற்றியவை. அதிரும் கோல், பேசும் கண்ணாடி, படத்தைப் பார்த்து விவரிக்கும் செயலி. பார்வையற்றோருக்குக் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரைப் பற்றிய கட்டுரைகள் குறைவு. தலைமை ஏற்பவர் எல்லாரையும் பாராட்டிவிட்டு உட்கார்வது வழக்கம். எனக்கு இந்த விகிதத்தின்மீது மனக்குறை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று நாம் கற்பிக்கும் கோல்நடை இரண்டாம் உலகப் போரின் குழந்தை. பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் கண்ணிழந்த வீரர்கள் குவிந்தபோது, பார்வையற்றோர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து படைக்கு வந்த ரிச்சர்ட் ஹூவர் அவர்களுக்கு நடை கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். அதுவரை இருந்தது ஊன்றி நிற்க உதவும் குட்டைத் தடி. அவர் அதை நெஞ்செலும்பு உயரத்துக்கு நீட்டி, எடையைக் குறைத்தார். தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இடவலம் வீசி, இடக்கால் முன்வரும்போது கோல்முனை வலப்புறம் தட்டும்படி முறை வகுத்தார். அடுத்த அடி விழவேண்டிய இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துவிடும். 1948இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஹைன்ஸ் மருத்துவமனையில் பார்வையற்ற முன்னாள் படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் தொடங்கியது. போரில் கண்ணிழந்த ரஸ்ஸல் வில்லியம்ஸ் அதன் முதல் தலைவர். பயிற்றுநராக வந்த பார்வையுள்ளவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து பழகிய பிறகே அங்கே கற்பித்தார்கள்.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம், அந்த மாணவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். தெருவைக் கண்ணால் கண்டு பழகியவர்கள். நம் நாட்டில் ஏற்பாடுகள் பெரிதும் பள்ளிப் பிள்ளையை மனத்தில் வைத்தே எழுந்தன. விடுதியுடன் பள்ளி உண்டு, பிரெய்ல் உண்டு. நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர் எந்தப் பள்ளியில் போய்ச் சேர்வார்? மதுரை அரவிந்த், ஐதராபாத் எல்.வி. பிரசாத் போன்ற இடங்களில் பார்வை மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. மற்றப் பல இடங்களில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொன்னதோடு கோப்பு மூடப்படுகிறது. வீட்டாரோ, அன்பு மிகுதியால், வாசற்படி தாண்ட விடுவதில்லை.

இவர்களில் பலருக்குப் பார்வை முழுதும் போயிருக்காது. விழித்திரை நிறமித் தேய்வு உள்ளவர் பகலில் செய்தித்தாள் படிப்பார். அந்தி சாய்ந்ததும் பக்கத்தில் நிற்கும் மிதிவண்டியில் மோதுவார். பார்வைப்புலம் பத்து பாகைக்கும் குறைந்துவிட்டால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவரைப் பார்வையற்றவர் என்றே கொள்கிறது. பேருந்தில் உடன் வருபவர் அப்படிக் கொள்வதில்லை. கையில் வெள்ளைக்கோல், கண்முன் கைப்பேசி. "நடிக்கிறான்" என்று காதுபடச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே கோலை மடித்துப் பையில் வைப்பவர்கள் உண்டு. விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் கெட்டவரின் நிலை இதற்கு நேர்மாறு. தடுக்காமல் நடப்பார், எதிரே வரும் சொந்தத் தம்பியின் முகம் தெரியாது. இருவருக்கும் ஒரே பாடத்திட்டம் வைப்பது பயிற்சியாகாது.

கருவிகளை நான் குறைத்துப் பேசவில்லை. டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கி, சென்னை பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்க, 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் நல்ல எடுத்துக்காட்டு. முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, லாரியின் பின்பலகை ஆகியவற்றைக் கோல்முனை தொடாது. ஸ்மார்ட்கேனோ மீயொலியால் மூன்று மீட்டர் வரை துழாவி, கைப்பிடியை அதிரவைத்து எச்சரிக்கும். மூடியில்லாத சாக்கடையைக் கண்டுபிடிப்பது இன்னமும் கோல்முனையின் வேலைதான். கோலை ஒழுங்காக வீசத் தெரியாதவர் கையில் இந்தக் கருவியைக் கொடுத்தால் தலை தப்பும், கால் தப்பாது. கைப்பேசி வழிகாட்டியும் அப்படியே: மருந்துக்கடை வந்துவிட்டது என்று சொல்லும், சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் தடுமாறும். கடைசிச் சில மீட்டர்கள் காலுக்கும் காதுக்கும் உரியவை.

கருவியை மட்டும் அல்ல, பாடத்தையும் நாம் அப்படியே இறக்குமதி செய்திருக்கிறோம். நமக்கு இணையாக ஓடும் வண்டிகள் கிளம்பும் ஓசை கேட்டதும் சாலையைக் கடக்கவேண்டும் என்பது அமெரிக்க முறை. சிக்னல் விழுமுன்பே வண்டிகள் உறுமிக் கிளம்பும் நம் நாற்சந்தியில் அந்தப் பாடம் ஆபத்து. நடைபாதையே இல்லாத தெருவோரம், எதிர்த்திசையில் வரும் பைக், ஓசையின்றி நெருங்கும் மின்ஸ்கூட்டர் இவற்றுக்கான பாடத்தை இங்குள்ள பயிற்றுநர்கள் தெருவில் நின்று தாங்களே வகுத்துவருகிறார்கள். அது எங்கும் எழுத்தில் இல்லை. நாளை பிற்பகல் அமர்வில் அவர்கள் பேசும்போது யாராவது பதிவு செய்யுங்கள்; இக்கருத்தரங்கின் தொகுப்பில் அது முதல் கட்டுரையாக வரவேண்டும் என்பது என் விருப்பம்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். திரையில் படம் காட்டி "இங்கே பார்க்கலாம்" என்று கடந்துவிடாதீர்கள். வரைபடமானால் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வாயால் சொல்லுங்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் தர ஒருங்கிணைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன். மேடைக்கு வலப்புறம் நான்கு படிகள், கைப்பிடி இடப்பக்கம்.