பெயரும் பேச்சும்

மனிதனுக்குரிய செல்வங்களுள் அவன் கையாற் காக்கவியலாதது ஒன்று உண்டு. அஃது அவனது நற்பெயர். வீட்டைப் பூட்டி வைக்கலாம், வயலுக்கு வேலியிடலாம், பெயரோ பிறர் நாவில் வாழ்வது. ஆதலால் அதற்குச் சட்டத்தின் காவல் வேண்டியதாயிற்று. எனினும், பொய் சொல்லும் நாவை அடக்க எழுந்த சட்டம் உண்மை சொல்லும் நாவையும் அடக்கிவிடலாகாது. இவ்விரு நீதிகளையும் இணைப்பது எங்ஙனம் என்பதே அவதூறுச் சட்டத்தின் பழைய வினா.

இங்கிலாந்து இவ்வினாவுக்குப் படிப்படியாக விடை கண்டது. மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஆட்சிமன்றம் எதுவும் தன்னைக் குறை கூறியவர்மீது அவதூறு வழக்குத் தொடர இயலாது என 1993 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அவதூறு குற்றம் என்னும் நிலையை 2009 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. வழக்காடுவோர் தம் பெயருக்குப் பெருந்தீங்கு நேர்ந்ததைக் காட்டல் வேண்டும் என 2013 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இலங்கையின் வழி சிறிது வேறானது. இங்கே நட்டஈடு கோரும் வழக்குக்கு உரோம டச்சுச் சட்டமே அடிப்படை. ஆங்கிலச் சட்டத்தில் உண்மை ஒன்றே போதிய எதிர்வாதமாகும். உரோம டச்சுச் சட்டமோ, சொல்லியது உண்மையாயிருத்தலோடு பொதுநன்மைக்கும் உரியதாயிருத்தல் வேண்டும் என்கின்றது. இதனோடு, 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அவதூறைக் குற்றமாகவும் வகுத்திருந்தது. சனாதிபதியைப் பற்றிய குறிப்பொன்றுக்காக ஆங்கில வாரப் பத்திரிகையொன்றின் ஆசிரியர் 1997 இல் இதன்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டார். பத்திரிகையாளர் பல்லாண்டுகள் கோரியதன் பயனாக, 2002 இல் பாராளுமன்றம் அவ்விதிகளை நீக்கிற்று. அது நன்றே. ஆயினும், இறந்தவர்மீது பழிசுமத்தி அவர்தம் குடும்பத்தாரைப் புண்படுத்துவதையும் அவ்விதிகள் குற்றமென்றே கொண்டிருந்தன. அவை நீங்கியபின், மாண்டவரின் பெயருக்குக் காவல் யாது?

திருகோணமலைத் துறைமுகப் பட்டினம் அவ்வினாவை நான்கே ஆண்டுகளில் எதிர்கொண்டது. 2006 சனவரி 2 ஆம் நாள் மாலை, காந்தி சிலைக்கு அண்மையிலுள்ள கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் மாண்டனர். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்ததாலேயே இறந்தனர் எனப் படைத்தரப்பு முதலில் அறிவித்தது. உயிர் போனதோடு, குண்டு ஏந்தியவர் என்ற பெயரும் அப்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. மாண்டவர் எழுந்து வந்து மறுப்புரைப்பதில்லை. பெற்றோர் சொல்லை அந்நாளில் கேட்பாரும் அரியர்.

'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அம்மாணவரின் உடல்களைப் படம்பிடித்தார். துப்பாக்கிச் சூட்டின் காயங்களை அப்படங்கள் காட்டின. பிரேத பரிசோதனையும் அதனையே உறுதிசெய்தது. கைக்குண்டுக் கதை நிலைக்கவில்லை. அம்மாதம் 24 ஆம் நாட் காலையில், அதே பட்டினத்தில், சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் இன்னாரென எந்த நீதிமன்றமும் தீர்ப்புரைத்ததில்லை. மாணவர் கொலை வழக்கிற் கைதான விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரையும், போதிய சான்றில்லை என்று கூறித் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 இல் விடுவித்தது. தண்டனை எவருக்கும் கிட்டவில்லை. ஆனால் மாண்டவர்மேல் விழுந்த பழி நீங்கிற்று. அதனை நீக்கியது மானநட்ட வழக்கன்று. அச்சேறிய சில படங்கள்.

நற்பெயரையும் பேச்சுரிமையையும் துலாக்கோலின் இரு தட்டுக்களில் வைத்து, ஒன்று உயர மற்றொன்று தாழும் எனக் கூறுவது வழக்கம். வலியவர் வழக்காடும்போது அவ்வுவமை ஓரளவு பொருந்தும். வழக்கறிஞரை அமர்த்த வகையற்ற எளியவர்க்கு அது பொருந்தாது. அவருடைய பெயரைக் காப்பதே பிறருடைய பேச்சுரிமைதான். அதன் வாயை அடைத்தால், அதிகாரம் சூட்டும் பெயரே அவர்க்கு இறுதிப் பெயராகிவிடும்.

இதனால் பொய்யெழுதுவோர்க்குத் தடையே வேண்டா என்பதன்று. ஒரு வணிகரின் நாணயத்தையோ ஓர் ஆசிரியையின் ஒழுக்கத்தையோ ஆதாரமின்றிக் கெடுப்பவர் திருத்தம் வெளியிடவும், அளவான நட்டஈடு செலுத்தவும் கடமைப்பட்டவரே. ஆனால் எது உண்மை, எது பொய் என்று தீர்ப்பது அதிகாரத்தின் வேலையாகிவிடலாகாது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் வெளிவரும் சிலவகைப் பொய்க் கூற்றுக்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தபோதும், அவற்றைத் தடுக்குமாறு பணிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு அளித்தபோதும், எதிர்த்தவர்கள் எழுப்பிய அச்சம் இதுவே. 2006 சனவரியின் முதல் வாரத்தில் அத்தகைய அதிகாரம் இருந்திருப்பின், பொய்யென்று முத்திரை பெற்றிருக்கக்கூடியது கைக்குண்டுக் கதையா, அதனை மறுத்த படங்களா என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி அவன் பெயரைப் பொறித்து வைத்தது பழந்தமிழர் வழக்கம். அக்கல்லிற் பொறிக்கும் சொல் மெய்யாயிருத்தல் வேண்டும். அதனைப் பொறிப்பவன் கையும் அச்சமின்றி இருத்தல் வேண்டும். நற்பெயர்க்குச் சட்டம் செய்யத்தக்க பேருதவி அந்த அச்சத்தை அகற்றுவதேயாம்.