காப்பீட்டு அட்டை ஏற்காத செலவுகள்



2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை அளிப்பதாக ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. ஆனால், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு. வீடு திரும்பிய பின் 15 நாட்களோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ள ஒரு கட்டுமானத் தொழிலாளியின் நிலை என்ன? ஆயுள் முழுவதும் அன்றாடம் மாத்திரை வேண்டும். மருத்துவரைப் பார்க்கச் சென்றால் அன்றைய கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பரிசோதனைக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் தனி. இவற்றில் ஒன்றையும் அட்டை ஏற்பதில்லை. பணமின்றி மாத்திரையை நிறுத்தியவர் சிறுநீரகம் பழுதடைந்து படுக்கையில் விழுந்த பிறகே காப்பீடு கண் திறக்கிறது. மாத்திரையால் தடுத்திருக்கக்கூடிய நோய்க்காகப் பொதுப்பணம் தனியார் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேருகிறது.

2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்களே தம் கையிலிருந்து செலுத்தினர் என்று அரசின் தேசிய சுகாதாரக் கணக்கே கூறுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பொதுச் சுகாதாரச் செலவு 2025க்குள் 2.5 சதவீதமாக உயர்த்தப்படும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22இல் அரசுகள் செலவிட்டதோ 1.84 சதவீதமே.

பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று ஜோசப் போர் தலைமையிலான குழு 1946லேயே வலியுறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவரும் மருந்தும் பரிசோதனையும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்வதே அதற்கான வழி. அந்த உரிமைக்கான போராட்டத்தை ஊர்தோறும் எடுத்துச் செல்வது உழைக்கும் மக்கள் இயக்கத்தின் கடமை.