அகராதியில் இருப்பதும் வாயில் இருப்பதும்



ஆங்கிலத்தின் அரிய சொற்களைத் தேடிப் பட்டியலிடும் ஆர்வம் இன்று மாணவரிடையே பெருகியிருக்கிறது. அது நல்ல ஆர்வமே. ஆயினும் ஒரு சொல் ஏன் அரிதாயிற்று என்று கேட்டால்தான் அந்தத் தேடல் கல்வியாகும். மூன்று சொற்களைச் சான்றாகக் காட்டுகிறேன்.

முதலாவது ‘டார்ட்’. 1934-இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு ‘அடர்த்தி’ என்று பொருள் தரப்பட்டது. உண்மையில் அப்படியொரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்தைப் பெரிய வடிவிலோ சிறிய வடிவிலோ எழுதலாம் என்று ஒரு குறிப்புச்சீட்டு சொன்னது. இரண்டு எழுத்துகளையும், ‘அல்லது’ என்னும் பொருள்தரும் இடைச்சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். சொற்பிறப்பு தரப்படாததைப் பதிப்பாசிரியர் ஒருவர் 1939-இல் கவனித்த பிறகே பிழை வெளிப்பட்டது. பேரகராதியில் இடம்பெற்றும் அச்சொல்லுக்கு உயிர் வரவில்லை.

இரண்டாவது ‘ஓவர்மாரோ’. நாளை மறுநாள் என்பது இதன் பொருள். 1535-இல் வெளிவந்த கவர்டேலின் விவிலிய மொழிபெயர்ப்பில் இச்சொல் இருக்கிறது. செர்மானியர் இதன் உறவுச்சொல்லை இன்றும் நாள்தோறும் பேசுகின்றனர். ஆங்கிலேயரோ பேசாமல் விட்டுவிட்டனர். இன்று அதே பொருளைச் சொல்ல அவர்களுக்குப் பல சொற்கள் கொண்ட ஒரு தொடர் தேவைப்படுகிறது.

மூன்றாவது ‘பெட்ரிகோர்’. வறண்ட நிலத்தில் மழை விழும்போது எழும் மணத்தை ஆராய்ந்த ஆஸ்திரேலிய அறிவியலாளர் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் இருவரும் 1964-இல் ‘நேச்சர்’ இதழில் இச்சொல்லை அறிமுகப்படுத்தினர். கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், தேவர்களின் நாளங்களில் ஓடுவதாகக் கிரேக்கர் கருதிய நீர்மத்தின் பெயரையும் இணைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொல்தான். தேவை இருந்ததால் பொதுமக்களிடமும் பரவி வாழ்கிறது.

ஆகவே, சொல்லை அகராதி பதிவு செய்கிறது, வாழவைப்பதோ வாய்.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஆஸ்திரேலிய அறிவியலாளர் 1964-இல் பெயரிட்ட அந்த மணத்தை நம் பாட்டிமார் ‘மண்வாசனை’ என்று இயல்பாகச் சொன்னார்கள். ஓர் ஊரின் தனித்தன்மையையும் அதே சொல்லால் குறித்தார்கள். ஆங்கிலத்தில் மறைந்துபோன ‘ஓவர்மாரோ’வுக்கு இணையாக ‘நாளன்றைக்கு’ என்ற ஒற்றைச் சொல் நம் பேச்சுவழக்கில் உண்டு. இந்த அவையிலுள்ள மாணவர்களில் எத்தனை பேர் அதைக் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? விடை சொல்லத் தயங்குவீர்களானால், ‘ஓவர்மாரோ’ சென்ற வழியில் அதுவும் செல்லத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆசிரியப் பெருமக்களே, அரிய ஆங்கிலச் சொல்லொன்றை மாணவர் கொண்டுவந்தால் மகிழ்ந்து பாராட்டுங்கள். உடனே, “இதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தமிழில் எப்படிச் சொல்வார்கள்?” என்றும் கேளுங்கள். மாணவர்களே, கேட்டறிந்த சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். பள்ளித் திடலில் அடுத்த மழை விழும்போது, பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் ‘மண்வாசனை’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் இன்னொரு தலைமுறை வாழ அதுவே தொடக்கம்.